பஸ்ராவுக்குப் போன கொள்ளுத்தாத்தா: மெடல் விளிம்பிலிருந்து பட்டாளம் வரை

கேள்வி: "எங்கள் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போய்வந்தவர் என்கிறார்கள். ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டில் இரண்டு மெடல்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்று வெள்ளி, மற்றது பித்தளை போல இருக்கிறது. பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. எந்த ரெஜிமென்ட், எங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் பெயரைப் போட்டுத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முனுசாமி, கோவிந்தசாமி, சவரிமுத்து என்று ஒரே பெயரில் ஒரே பட்டாளத்திலேயே பலர் இருந்தார்கள். மெடலில் இன்ஷியல் இருக்காது, அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருக்காது. ராணுவம் ஆட்களைப் பிரித்துப் பார்த்தது எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணும் அந்தந்தப் பட்டாளத்துக்குள் மட்டுமே செல்லும். 2417 என்றால் பத்துப் பட்டாளங்களில் பத்து 2417 இருக்கலாம். எண்ணும் பட்டாளமும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று தெரியும். அந்த இரண்டும் உங்கள் வீட்டு மெடலின் விளிம்பிலேயே இருக்க வேண்டும்.

அதற்கு முன் எந்தப் போர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பஸ்ரா என்றதும் முதல் உலகப் போர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். 1914 நவம்பரில் இராக்கின் பஸ்ராவைப் பிடித்த அதே இந்திய ராணுவம் 1941 ஏப்ரலில் மறுபடியும் அங்கே போய் இறங்கியது. இடையில் 1920இல் இராக்கில் ஒரு பெரிய கிளர்ச்சியை அடக்கவும் இந்தியப் படைகள் போயின. கொள்ளுத்தாத்தா 1890களில் பிறந்தவரா, 1915 வாக்கில் பிறந்தவரா என்பதைப் பொறுத்துத் தேடும் இடமே மாறிவிடும். வயது தெரியாவிட்டால் மெடலில் உள்ள ராஜாவின் முகத்தைப் பாருங்கள். தாடி வைத்தவர் ஐந்தாம் ஜார்ஜ்: முதல் உலகப் போரும் அதையடுத்த பதினைந்து வருடங்களும். மழித்த முகத்தோடு கிரீடம் வைத்தவர் ஆறாம் ஜார்ஜ்: இரண்டாம் உலகப் போர். நட்சத்திர வடிவ மெடலாக இருந்தால் நான்கு முனை முதல் போருக்கு, ஆறு முனை இரண்டாம் போருக்கு. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. "எம்டன் குண்டு போட்டதற்கு முன்னா பின்னா" என்று கேட்டால் சிலருக்குச் சொல்லத் தெரியும்; எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22.

நீங்கள் சொல்வது வெள்ளியும் பித்தளை நிறமுமான ஜோடி. பெரும்பாலும் அது பிரிட்டிஷ் வார் மெடலும் விக்டரி மெடலும்தான். வெள்ளி மெடலின் பின்புறம் குதிரைமேல் ஆடையில்லாத வீரன், கீழே கழுகுக் கேடயமும் மண்டையோடும், பக்கத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள். விக்டரி மெடலில் ராஜா முகம் கிடையாது. இறக்கை வைத்த பெண் உருவம் இருக்கும், பின்புறம் 1914-1919 என்று முடியும் வாசகம், ரிப்பன் வானவில் நிறம். இதைத்தான் பல வீடுகளில் "தாத்தா விக்டோரியா கிராஸ் வாங்கியவர்" என்று சொல்லி வருகிறார்கள். விக்டோரியா கிராஸ் சிலுவை வடிவம், அதை வாங்கியவர்களின் பட்டியல் சிறியது, எல்லாப் பெயரும் அச்சில் இருக்கிறது. விக்டரி மெடல் போர்முனையில் பணியாற்றிய எல்லோருக்கும் கொடுத்தது. இதனால் தாத்தாவின் மதிப்பு குறைந்துவிடாது, ஆனால் இல்லாத பட்டியலில் அவரைத் தேடிச் சலிக்காமல் இருக்கலாம்.

இந்த மெடல்கள் எப்படிச் சேர்ந்து வரும் என்பதே ஒரு தகவல். விக்டரி மெடல் தனியாகக் கொடுக்கப்படவில்லை. அது மட்டும் இருந்தால் ஜோடி வெள்ளி மெடல் எங்கோ போய்விட்டது, பெரும்பாலும் ஆசாரி கடைக்கு. வார் மெடல் மட்டும் தனியாக இருக்கலாம். நான்கு முனை நட்சத்திரம் இருந்தால் அவர் 1915 டிசம்பர் 31க்குள் போர்முனைக்குப் போய்விட்டவர். நட்சத்திரம் வாங்கியவருக்கு மற்ற இரண்டும் கட்டாயம் உண்டு. உங்கள் வீட்டில் ஜோடி மட்டும் இருப்பதால், நட்சத்திரம் தொலைந்திராவிட்டால், 1916 தொடக்கத்துக்குப் பிறகுதான் கப்பல் ஏறியிருக்கிறார். மெடலின் தோள்பட்டையில் ஒரு குறுக்குச் சட்டம் போட்டு "இராக்" என்று எழுதியிருந்தால் அது வேறு மெடல், 1919-20 இராக் பணிக்கானது. "மலபார் 1921-22" என்ற சட்டம் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக் காலத்துப் பணிக்கு. அவர் அந்தப் பணிக்காகக் கடல் தாண்டவே இல்லை.

வார் மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தாலும் போலி என்று நினைக்க வேண்டாம். சிப்பாய்களுக்கு வெள்ளி, கூலிப்படை, சுமைப்படை போன்ற பணிப்பிரிவினருக்கு வெண்கலம் என்று பிரித்தே கொடுத்தார்கள்.

இனி விளிம்பு. இந்த மெடல்கள் 36 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டவை. சுற்றளவு பதினொன்றேகால் சென்டிமீட்டர் வரும். அந்த மெல்லிய ஓரத்தில் எண், பதவி, பெயர், பட்டாளம் நான்கையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சு குத்தியிருப்பார்கள். கொக்கிக்கு ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடியும். நட்சத்திரத்தில் மட்டும் பின்பக்கத் தட்டையான பரப்பில் இருக்கும். எழுத்துகள் ஆழமில்லாதவை, அதனால்தான் பலர் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

படிக்க முடியவில்லை என்றதும் தேய்க்கப் போய்விடாதீர்கள். வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்ற வீட்டுப் பழக்கம் குத்துவிளக்குக்குச் சரி. மெடலுக்கு அதுதான் எமன். ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுத்துத் தேய்த்த மெடல்களில் ராஜா பளபளப்பார், பெயர் மழுங்கிப் போயிருக்கும். பிராஸோவும் வேண்டாம். வெள்ளி மெடலை ரிப்பனைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து பத்து நிமிடம் போட்டு, மிருதுவான பல்துலக்கியால் விளிம்பை மட்டும் நீள்வாக்கில் தடவி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். விக்டரி மெடலின் மேல் ஒரு மெருகுப் பூச்சு உண்டு. அதை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பிறகு அறையை இருட்டாக்கி, மெடலை மேசையில் படுக்க வைத்து, செல்போன் டார்ச்சை மேசை மட்டத்திலேயே பக்கவாட்டில் பிடியுங்கள். நேர்மேலிருந்து வரும் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது; சாய்வாக வரும் வெளிச்சத்தில் குழிகளில் நிழல் விழும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படங்கள் எடுத்தால் முழு விளிம்பும் கிடைத்துவிடும். அதுவும் உதவாவிட்டால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு டிரேசிங் தாளை வெட்டி, விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, 6பி பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள். எழுத்துகள் வெள்ளையாக எழும்பும். விளிம்பு சுத்தமாக வழவழவென்று இருந்தால் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 36க்குக் குறைந்து சீரில்லாமல் வந்தால் யாரோ அரம் போட்டுப் பெயரை எடுத்திருக்கிறார்கள். இரண்டு மெடலிலும் ஒரே எண், ஒரே பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அண்ணன் மெடலும் தம்பி மெடலும் ஒரே பெட்டியில் கலந்துபோவது சாதாரணம்.

உதாரணத்துக்கு, விளிம்பில் "2417 எஸ்ஏபிஆர் முனுசாமி 2 க்யூ.வி.ஓ. எஸ். & எம்." என்ற மாதிரி ஒரு வரி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 2417 பட்டாள எண். எஸ்ஏபிஆர் என்றால் சாப்பர், பாலம், பாதை, அகழி வேலை பார்க்கும் பொறியியல் படை வீரர். 2 க்யூ.வி.ஓ. எஸ். & எம். என்பது இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது மெட்ராஸ் சாப்பர்கள். இன்று பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்தான் அதன் வாரிசு. அந்த வீரர்களை ராணுவமே "தம்பி" என்று அழைக்கும். முதலாம் எண் வங்காளச் சாப்பர்கள், மூன்றாவது பம்பாய்ச் சாப்பர்கள். அந்த "2"ஐக் கவனிக்காமல் விட்டால் ஆளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவீர்கள்.

பதவிச் சுருக்கங்களில் இரண்டு அடிக்கடி ஏமாற்றும். டிவிஆர் என்றால் டிரைவர். லாரி ஓட்டியவர் இல்லை. கோவேறு கழுதையையோ பீரங்கி இழுக்கும் குதிரையையோ நடத்தியவர். சாப்பர் கம்பெனிகளில் கருவிகளைச் சுமக்கும் கழுதைகளுக்கும் டிரைவர்கள் இருந்தார்கள். அடுத்தது ஜெமதார், சுபேதார். இவை அவில்தாருக்கு மேலே வைஸ்ராய் கமிஷன் பெற்ற அதிகாரிப் பதவிகள். இவர்கள் பெயர் ராணுவப் பட்டியல்களில் அச்சாகியிருக்கும், ஆகவே தேடுவது பல மடங்கு சுலபம். ஆனால் ஊரில் "சுபேதார் வீடு" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். அவில்தாருக்கும் கீழே நாயக்காக ஓய்வு பெற்றவரையும் ஊர் மரியாதைக்குச் சுபேதார் ஆக்கிவிடும்.

காலாட்படையாக இருந்தால் பட்டாளத்தின் எண் முக்கியம். மெட்ராஸ் ராணுவத்துப் பழைய பட்டாளங்களுக்கு 1903இல் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி கிச்சனர் புது எண் கொடுத்தபோது பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். 13ஆம் மெட்ராஸ் பட்டாளம் 73ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி ஆனது. 15, 75 ஆனது. 19, 79 ஆனது. 3ஆம் பாளையங்கோட்டைப் பட்டாளம் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 23, 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 61, 64, 81 மூன்றும் பயனியர் பட்டாளங்கள். சண்டையும் போடுவார்கள், சாலையும் போடுவார்கள். கர்நாடிக் என்ற சொல்லைப் பார்த்துக் கன்னட நாட்டுப் பக்கம் போய்விட வேண்டாம், அது ஆற்காட்டு நவாபின் கர்நாடகம், நம் பக்கம்தான். எண்ணுக்கு முன்னால் சாய்கோட்டோடு 1 அல்லது 2 இருந்தால் அது பட்டாலியன் எண். 2 என்பது பெரும்பாலும் போர்க்காலத்தில் புதிதாக எழுப்பியது. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்திருக்கும் என்பதால் அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

"தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்று குடும்பம் சொன்னால் முதல் உலகப் போருக்கு அது பொருந்தாது. அந்தப் பெயர் 1922 மறுசீரமைப்பில் வந்தது: 73, 75, 79, 83, 86 ஆகியவற்றைச் சேர்த்து 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றார்கள். 73 முதல் பட்டாலியன், 75 இரண்டு, 79 மூன்று, 83 நான்கு, 86 பயிற்சிக்கான பத்தாவது. 1920களின் முடிவுக்குள் செலவைக் குறைக்கிறோம் என்று எல்லாவற்றையும் கலைத்தும் விட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் அதே ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். மதராஸிக்குச் சண்டை வராது என்ற "வீர சாதி" வாதம் எவ்வளவு வசதியாக வளைந்துகொடுத்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

விளிம்பில் பட்டாளப் பெயரே இல்லாமல் எஸ். & டி. (சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட்) கார்ப்ஸ், காயம்பட்டவரைத் தூக்கும் ஆர்மி பேரர் கார்ப்ஸ், லேபர் கார்ப்ஸ், போர்ட்டர் கார்ப்ஸ், ரயில்வே என்று ஏதாவது இருந்தால், அல்லது பதவி இருக்கும் இடத்தில் குக், பிஸ்தி (தண்ணீர் சுமப்பவர்), சைஸ் (குதிரைக்காரர்), வார்டு ஆர்டர்லி என்று இருந்தால், சில குடும்பங்கள் அங்கேயே தேடலை மூடிவிடுகின்றன. "சண்டை போடவில்லையா, சமையல்காரரா" என்ற ஏமாற்றம். மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, போன இந்தியர்களில் ஏறத்தாழ சரிபாதிப் பேர் ராணுவம் ஃபாலோயர் என்று வகைப்படுத்திய இப்படிப்பட்ட பணியாளர்கள். சாலை இல்லாத, குடிக்கத் தண்ணீரை ஆற்றிலிருந்து சுமக்க வேண்டிய நாட்டில் அவர்கள் இல்லாமல் ஒரு பட்டாளம் ஒரு வாரம்கூட நிற்க முடியாது. குண்டும் காலராவும் பார்த்து வரவில்லை. கூத் அல்-அமாராவில் 1915 டிசம்பர் 7இலிருந்து முற்றுகையில் கிடந்து 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்த சுமார் 13,000 பேரில் 3,200க்கும் மேற்பட்டவர்கள் ஃபாலோயர்கள்; சிப்பாய்களோடு சேர்ந்து பட்டினி கிடந்து, துருக்கியர் கையில் கைதிகளாகப் பாலைவனம் நடந்தவர்கள். தேடுவதற்கு இவர்கள் கடினம் என்பது உண்மை. பட்டாள வரலாறுகளில் வரமாட்டார்கள். கம்பெனி எண், கார்ப்ஸ் எண் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பட்டாளம் தெரிந்துவிட்டால் அடுத்தது போர் நாட்குறிப்பு. போர்முனையில் இருந்த ஒவ்வொரு பட்டாலியனும் சாப்பர் கம்பெனியும் நாள்தோறும் எழுதி வைத்த பதிவு இது. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 95 என்ற தொகுப்பில் இருக்கிறது. மெசபடோமியா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா என்று களவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். புது டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் முதல் உலகப் போர் நாட்குறிப்புகள் உண்டு. தேடும்போது பட்டாளத்தின் அந்தக் காலப் பெயரைப் போட வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று போட்டால் கிடைக்காதது, சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், 12ஆம் கம்பெனி என்று போட்டால் கிடைக்கும். மெட்ராஸ் சாப்பர்களின் போர்க்களக் கம்பெனிகள் 9 முதல் 15 வரை எண் கொண்டவை. 17 முதல் 22 வரை பம்பாய்.

அதில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைக்கார அதிகாரிக்குக் காய்ச்சல் வந்தால் பெயரோடு எழுதுவார்கள், இந்தியச் சிப்பாய் செத்தால் "ஐ.ஓ.ஆர். 2", அதாவது இந்தியச் சாதாரண வீரர் இருவர், என்று எண்ணிக்கை மட்டும் போடுவார்கள். ஆனால் இடமும் நாளும் வேலையும் துல்லியமாகக் கிடைக்கும். 1917 பிப்ரவரி 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூத் நகருக்கு மேலே ஷும்ரான் வளைவில் வெள்ளம் ஏறிக் கிடந்த டைகிரிஸ் ஆற்றை, எதிர்க்கரையில் துருக்கியர் சுட்டுக்கொண்டிருக்க, விடியற்காலையில் பாண்டூன் படகுகளில் கடந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்களின் 12, 13ஆம் கம்பெனிகள் அந்தப் படகு வேலையில் இருந்தன. துடுப்புப் போடுபவன் திருப்பிச் சுட முடியாது. ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டு, காலிப் படகோடு திரும்பி வந்து, அடுத்த சுமையை ஏற்றிக்கொண்டு மறுபடி போக வேண்டும். மாலைக்குள் ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலமும் கட்டி முடித்தார்கள். பதினாறாம் நாள், மார்ச் 11 அன்று, பாக்தாத் விழுந்தது. உங்களவர் அந்தக் கம்பெனியில் அந்த மாதம் இருந்தார் என்று காட்ட முடிந்தால், பெயரே இல்லாத நாட்குறிப்பில் அவர் நாள் எப்படிப் போயிற்று என்பது உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று: பட்டாளம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் தாத்தாவும் போனார் என்று எழுதிவிடுவது. பட்டாளத்தில் ஒரு பகுதி டிப்போவில் பயிற்சியில் இருக்கும். காயமும் நோயும் தின்ற இடத்தை நிரப்பப் புது ஆட்களைக் குழு குழுவாக அனுப்புவார்கள். நாட்குறிப்பில் "டிராஃப்ட் வந்து சேர்ந்தது" என்ற வரிகளைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் இல்லாத ஒருவர் 1915 சண்டையில் இருந்திருக்க முடியாது என்ற வரம்பையும் சேர்த்துப் பார்த்தால் அவர் எப்போது சேர்ந்திருப்பார் என்பது நெருங்கி வரும். மெட்ராஸ் பட்டாளம் என்றாலே பஸ்ரா என்பதும் இல்லை. 61ஆம் பயனியர்களும் 63ஆம் பாளையங்கோட்டைப் பட்டாளமும் போனது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு. 1914 நவம்பரில் டாங்காவில் இறங்கித் தோற்றார்கள். ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகள் 63ஐ ஓடிய பட்டாளம் என்று ஒரே வரியில் முடித்துவிடும். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்களை, எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துபோன கரையில், நிலத்தை உளவு பார்க்காமலேயே இறக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அவர் போரில் இறந்திருந்தால் வழி வேறு. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில் பெயர் இருக்க வேண்டும். திரும்பி வந்தவர் அங்கே இருக்கமாட்டார்; உங்கள் தேடல் ஒன்றும் தராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே தேடும்போது இந்திய ராணுவம், முதல் உலகப் போர் என்று வடிகட்டி, பெயருக்குப் பதில் சர்வீஸ் எண்ணைப் போடுங்கள். பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு, மெட்ராஸ்" என்ற வரி இருக்கும். வேலூர் அன்று வட ஆற்காட்டில். 1911 வரை அந்த மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர். ஊர்ப் பெயரை இன்றைய மாவட்டத்தில் வைத்துத் தேடினால் நழுவிவிடும். மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்குப் பஸ்ரா நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆனால் அதன் சுவரில் இந்தியர்களில் அதிகாரிகள் பெயர் மட்டும்தான். சாதாரணச் சிப்பாய்களுக்குப் பட்டாளப் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டுமே செதுக்கினார்கள், பெயர்கள் பதிவேட்டில் தங்கிவிட்டன. இப்படி நடந்ததை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆகவே நினைவுச்சின்னத்தின் புகைப்படத்தில் பெயர் இல்லை என்று விட்டுவிடாமல் பதிவேட்டைப் பாருங்கள். இங்கே நம் மண்ணில் இறந்து, பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடப்பவர்களுக்குச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் 1914-1918 நினைவிடம் ஒன்று உண்டு.

பெயரின் எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. எழுதியவர் ஆங்கிலேய அதிகாரி அல்லது பட்டாள கிளார்க். காதில் விழுந்ததை எழுதினார். "சாமி" என்ற முடிவு மட்டும் எஸ்ஏஎம்ஐ, எஸ்டபிள்யூஏஎம்ஐ, எஸ்ஏடபிள்யூஎம்ஒய் என்று மூன்று விதமாக வரும். முத்து, முனி என்பவற்றின் "மு"வுக்கு இரண்டு ஓ போட்டிருப்பார்கள். "ழ" எல்லாமாகவும் மாறும். தளங்களில் முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டுப் பட்டாளத்தை வைத்து வடிகட்டுவதே சுருக்கமான வழி. சேரும்போது வேறு பெயர் கொடுத்தவர்களும் உண்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்ச் சேர்ந்தவர்கள் குறிப்பாக.

சரி, அவருடைய சொந்த சர்வீஸ் ஆவணம் எங்கே? லண்டனில் தேடுவது வீண். இந்தியச் சிப்பாய்களின் தனிநபர் ஆவணங்கள் பட்டாள டிப்போக்களோடு இங்கேயே இருந்தன. பஞ்சாபுக்கு மட்டும் ஒரு நல்ல காலம்: லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த ஊர்வாரிப் பதிவேடுகளில் சுமார் 3,20,000 பேர் விவரம் கிடைத்து, 2021இலிருந்து இணையத்தில் ஏறிவருகிறது. அந்தத் தளத்தில் வேலூரைத் தேடாதீர்கள். நம் பக்கத்துக்கு அணுக வேண்டியவை ரெக்கார்ட்ஸ் அலுவலகங்கள்: சாப்பர் என்றால் பெங்களூர் எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். ராணுவ விதிப்படி பென்ஷன் இல்லாமல் விலகியவரின் ஆவணங்களை 25 ஆண்டும் பென்ஷன்காரருடையதை 50 ஆண்டும் வைத்திருந்து அழித்துவிடலாம். "சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்" என்று எழுதினால் "அழிக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வரும், அது பொய்யும் இல்லை. கேட்க வேண்டியது லாங் ரோல். எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் என்று ஓர் ஆளுக்கு ஒரு வரி ஓடும் அந்தப் பேரேட்டை ரெக்கார்ட்ஸ் அலுவலகங்கள் அழிப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காரர் என்றால் இது கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. முதல் போருக்கு, நடுவில் பட்டாளமே கலைந்து போனதால், வாய்ப்பு குறைவு; சாப்பர்களின் தொடர்ச்சி அறுபடவில்லை என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதில் அப்பா பெயர், கிராமம், தாலுகா, உயரம், அடையாள மச்சம்வரை இருக்கும், "கிளாஸ்" என்ற இடத்தில் தமிழர், பறையர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று ராணுவம் போட்ட முத்திரையும் இருக்கும். மெட்ராஸ் பட்டாளங்களில் கம்பெனிகளையே அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள். பென்ஷன் புத்தகம், மணியார்டர் ரசீது, ஸ்டுடியோவில் எடுத்த சீருடைப் படம் எதையும் விடாதீர்கள். படத்தில் தோள்பட்டையில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள். நிலப் பத்திரங்களில் ராணுவத்தாருக்கு ஒப்படை என்று குறிப்பு இருந்தால் தாலுகா அலுவலகப் பழைய ஏ பதிவேட்டில் அதன் அரசாணை எண் இருக்கும். அந்த எண்ணோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கோப்பைக் கேட்கலாம். ஜங்கி இனாம் என்று இரண்டு தலைமுறைக்குத் தொடர்ந்த மாதத் தொகை வந்ததாக யாராவது சொன்னால் அதுவும் நல்ல தடயம், சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்கே அது கிடைத்தது. ஊரில் பழைய பள்ளிக்கூடம், சாவடிச் சுவர்களையும் பாருங்கள். "இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்று ஆங்கிலத்தில் பதித்த சலவைக்கல் பல ஊர்களில் இருக்கிறது, சுண்ணாம்புக்கு அடியில்.

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எண், பதவி, விளிம்பில் உள்ளபடியே பெயர், வேறு எழுத்துக்கூட்டல்கள், அப்பா பெயர், கிராமம், அந்தக் கால மாவட்டம், உத்தேசமாகச் சேர்ந்த ஆண்டு, உங்களுக்கு அவர் என்ன உறவு. விளிம்புப் படங்களின் நகலை இணையுங்கள். லாங் ரோலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள வரியின் நகல் வேண்டும் என்று ஒரே கோரிக்கை. இரண்டு மாதம் பதில் இல்லாவிட்டால் அதே வாசகத்தைத் தகவல் உரிமைச் சட்ட மனுவாக 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அனுப்புங்கள். குடும்பக் கதையை அதில் எழுத வேண்டாம். எடுத்துக் கொடுக்கும் கிளார்க்குக்குத் தேவை எண்ணும் பட்டாளமும்தான்.